சனிக்கிழமை மாலை 5 மணியைத் திடலுக்கு விட்டுக்கொடுங்கள்

கீழ்நிலைக் காற்பந்து லீக்குகளின் ஆட்ட அட்டவணையை வகுப்பவர்களுக்கும், உயர்மட்ட லீக்கின் ஒளிபரப்பு நேரத்தை முடிவு செய்பவர்களுக்கும் பினாங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் பட்டர்வொர்த், பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவன். பிறை தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எந்தக் கழகத்திலும் எனக்குப் பதவி இல்லை. எந்தச் சங்கத்தின் சார்பாகவும் இதை எழுதவில்லை. டிக்கெட் வாங்கித் திடலுக்குப் போகிற ஒருவனாக, அப்படிப் போக நினைத்தும் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுகிற பலரை அறிந்தவனாக எழுதுகிறேன்.

மலேசியாவின் உயர்மட்ட லீக்கான சூப்பர் லீக்குக்குக் கீழே உள்ள ஆட்டங்களுக்கு ஆள் வருவதில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். ஆட்டத்தின் தரம் போதவில்லை, விளம்பரம் இல்லை, பிள்ளைகள் கைப்பேசியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று காரணங்களும் அடுக்குகிறோம். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஓர் ஆட்டம் எந்தக் கிழமையில் வைக்கப்படுகிறது, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அதே நேரத்தில் தொலைக்காட்சியில் என்ன போகிறது, அந்த நாளும் நேரமும் எத்தனை நாளுக்கு முன்னால் எங்கள் காதுக்கு வருகின்றன என்ற நான்கு கேள்விகளை யாரும் உட்கார்ந்து கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. தரத்தை ஒரே பருவத்தில் உயர்த்திவிட முடியாது. அட்டவணையை உயர்த்தலாம். அதற்குக் காகிதமும் மனமும் இருந்தால் போதும்.

சில மாதங்களுக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த லீக், எந்தக் கழகம் என்று குறிப்பிட விரும்பவில்லை, ஏனென்றால் இது ஒரே இடத்தில் மட்டும் நடக்கிற தவறு அல்ல. எங்கள் பக்கத்துக் குழு ஒன்றுக்குச் சனிக்கிழமை மாலை ஆட்டம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு அன்று பகல் ஷிப்ட்; காலை 7 முதல் இரவு 7 வரை. உடன் வேலை செய்யும் மலாய் நண்பர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய ஞாயிற்றுக்கிழமையை நான் எடுத்துக்கொண்டு, என் சனிக்கிழமையை அவருக்குக் கொடுத்தேன். அவருக்கும் குடும்பம் உண்டு. அவர் எனக்காக விட்டுக்கொடுத்த நாள் அது. அண்ணன் மகன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு திடலுக்குப் போனபோது வாசல் பூட்டியிருந்தது. உள்ளே புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

வாசலுக்கு வெளியே கச்சாங் பூத்தே விற்கும் பெரியவர் ஒருவர், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய கண்ணாடிப் பெட்டிகளுடன் நின்றிருந்தார். ஒரு பெட்டியில் வறுத்த கடலை, ஒன்றில் பச்சைப் பட்டாணி, ஒன்றில் மெல்லிய முறுக்கு, ஒன்றில் காரம் தூவிய பருப்பு. காகிதக் கூம்புகளை முன்கூட்டியே சுருட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஒரு முழ நீளத்துக்கு அடுக்கி வைத்திருந்தார். ஒரு கூம்பும் விரியவில்லை.

"என்ன அண்ணே, ஆட்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமைக்கு மாத்திட்டாங்களாம் தம்பி. காலையிலயே சொல்லியிருந்தா நான் கடலைய வறுத்திருக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. பழகிவிட்டது போல இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. நாங்கள் ஆளுக்கு இரண்டு கூம்பு வாங்கிக்கொண்டோம். மூன்று பேரால் ஒருவருடைய ஒரு நாள் வியாபாரத்தை ஈடுகட்ட முடியாது. பிறகு விசாரித்ததில், மாற்றம் இரண்டு நாளுக்கு முன் ஒரு முகநூல் பக்கத்தில் வந்திருந்ததாகத் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் மாலை 4:30-க்குத் தொடங்கியது. தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையின்போது யூடியூப்பில் பார்த்தேன். ஒற்றைக் கேமரா எதிர்ப்பக்கப் படிக்கட்டுகளைக் காட்டியபோது அங்கிருந்தவர்களை எண்ணினேன். 37 பேர். அவர்களில் பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் வீட்டார் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகவில்லை.

வேலைநாளில் மாலை 4:30-க்கு ஏன் வைக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கீழ்நிலைக் குழுக்கள் ஆடும் பல திடல்களில் அரங்க விளக்குகள் இல்லை. இருக்கும் இடங்களில் மின்கட்டணம் கழகத்தின் கையைக் கடிக்கிறது. திடல் நகராண்மைக் கழகத்துக்கோ பள்ளிக்கோ சொந்தமானது. வார இறுதியில் அதற்குப் பல கைகள் நீள்கின்றன. நடுவர்களும் ஆம்புலன்சும் கிடைக்கும் நாள் பார்க்க வேண்டும். இவை எல்லாம் உண்மையான தடைகள். ஆனால் இந்தத் தடைகளை எல்லாம் தாண்டி ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது, வந்து பார்க்க வேண்டிய மனிதனின் நாள் எப்படிப்பட்டது என்ற கணக்கு கடைசியில்கூட வருவதில்லை. அதனால்தான் எல்லாருக்கும் வசதியாக அமைந்த ஓர் ஆட்டம் யாரும் பார்க்காத ஆட்டமாக முடிகிறது.

பினாங்கில் அந்த மனிதனின் நாள் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மாநிலம் ஷிப்டில் வாழ்கிற மாநிலம். தீவுப் பகுதியில் பாயான் லெப்பாஸ், இக்கரையில், அதாவது பெருநிலப் பகுதியில், பிறை, தெற்கே பத்து காவான் என்று தொழிற்சாலைகள் பரந்திருக்கின்றன. 12 மணி நேர ஷிப்டில் இருப்பவருக்கு வார இறுதி என்பது சனி, ஞாயிறு அல்ல. அவருடைய பெயருக்கு நேரே பட்டியலில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதுதான் வார இறுதி. எங்கள் தொழிற்சாலையில் அடுத்த மாதத்துக்கான பட்டியல் இந்த மாதம் 20-ஆம் தேதி எழுதப்படுகிறது. அதற்கு முன்னால் ஆட்டம் எப்போது என்று தெரிந்தால் லீவு கேட்கலாம், ஆளை மாற்றிக்கொள்ளலாம், மேற்பார்வையாளரிடம் முகம் கொடுத்துப் பேசலாம். பட்டியல் ஒட்டிய பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆட்டத்துக்கு மூன்று நாளுக்கு முன் நேரத்தை மாற்றுவது, அலுவலகத்தில் காலை 8 முதல் 5 வரை வேலை செய்பவருக்கு ஒரு சிறு தொல்லை. ஷிப்டில் இருப்பவருக்கு அது கதவை மூடுவதற்குச் சமம்.

இரவு ஆட்டங்களின் கதை வேறு. உயர்மட்ட லீக்கில் இரவு 9 மணிக்கு ஆட்டம் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இஷா தொழுகை முடிந்து, வெக்கை தணிந்து, தொலைக்காட்சியில் அதிகம் பேர் உட்காரும் நேரம் அது. அந்தக் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. விளக்கு வசதி உள்ள கீழ்நிலைக் குழுக்களும் பெரிய கழகங்களைப் பார்த்து அதே நேரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மணி 11-ஐ நெருங்கிவிடுகிறது. தீவில் ஆட்டம் என்றால் இக்கரைக்காரர்கள் பெர்ரியை நம்பிப் போக முடியாது. பத்து காவானில் என்றால் சொந்த வண்டி இல்லாமல் போவதை நினைத்துப் பார்க்க முடியாது. 40,000 பேர் அமரக்கூடிய மாநில அரங்கம் அங்கே 2000-ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது; 2014-இல் இரண்டாவது பாலமும் அதன் பக்கத்திலேயே கரையேறியது. ஆனால் பாலம் கார் வைத்திருப்பவருக்கு. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் திரும்புகிற தகப்பனுக்கு மறுவாரமும் வரச் சொல்லும் நேரம் அது அல்ல.

என் அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பினாங்கு லீக்கை வென்ற 1982-ஆம் ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. பெர்ரியில் அக்கரைக்குப் போய், பஸ் பிடித்து, நகர அரங்கத்தின் திறந்த படிக்கட்டுகளில் அவருடைய முழங்கால்களுக்கு இடையே உட்கார்ந்து நான் ஆட்டம் பார்த்தேன். பக்கத்தில் சீனக் கடைக்காரர், அவருக்குப் பக்கத்தில் மலாய் மீனவர், கீழ்ப்படியில் எங்கள் தெருப் பையன்கள். கோல் விழுந்தபோது யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் படிக்கட்டைத்தான் என் அண்ணன் மகன்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். அது பெரிய அரங்கத்தில்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. 500 பேர் நிற்கும் சிறு திடலிலும் கிடைக்கும். 500 பேர் வர வேண்டும், அவ்வளவுதான்.

இனி தொலைக்காட்சியைப் பற்றி. இதில் நான் சொல்வதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன், ஏனென்றால் தொலைக்காட்சியை எதிரியாகக் காட்டுவது என் நோக்கம் அல்ல.

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை எந்தக் காற்பந்து ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது. 1960-களில் பர்ன்லி கழகத்தின் தலைவராக இருந்த பாப் லார்ட் இதற்காக விடாமல் வாதாடினார். பெரிய கழகத்தின் ஆட்டம் வீட்டுக் கூடத்தில் தெரிந்தால், பக்கத்துத் தெருவில் ஆடும் சிறிய கழகத்தின் வாசலுக்கு யார் வருவார்கள் என்பதே அவர் கேட்ட கேள்வி. ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபாவின் விதிகளில் 48-ஆம் பிரிவு, ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமையில் இரண்டரை மணி நேரத்தை இப்படி ஒதுக்கிக்கொள்ள இடம் தருகிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் மூன்றாம், நான்காம் நிலைக் கழகங்களும், அவற்றுக்கும் கீழே ஊர் ஊராக ஆடும் குழுக்களும் தங்கள் ஆட்டங்களை வைக்கின்றன. தொலைக்காட்சிப் பணத்தால் உலகிலேயே அதிகம் செழித்த லீக்கைக் கொண்ட நாடு, தன் சிறிய கழகங்களுக்காக வாரத்தில் ஒரு பிற்பகலைத் தொலைக்காட்சியிடமிருந்து காத்து வைத்திருக்கிறது.

இந்தக் காவல் அந்த நாட்டுக்குள் மட்டும்தான். அங்கே 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை அந்த நாட்டு மக்கள் நேரலையில் பார்க்க முடியாது. நாம் இங்கே தாராளமாகப் பார்க்கலாம். அவர்களுடைய கோடைகால நேரத்தில் நமக்கு அது இரவு 10 மணி, குளிர்காலத்தில் 11 மணி. அவர்களுடைய 12:30 மணி ஆட்டம் நமக்கு இரவு 7:30 அல்லது 8:30. ஆகவே சனிக்கிழமை இரவு 7:30-இலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை நமது மாமாக் கடைகளின், அதாவது இந்திய முஸ்லிம் உணவகங்களின், பெரிய திரைகள் ஓய்வதில்லை. நம் உள்ளூர் ஆட்டத்தை 9 மணிக்கு வைக்கும்போது அது இந்தப் பெருவெள்ளத்தின் நடுவில் போய் விழுகிறது. இடைவேளையில் ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, மணி 9:50, பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார், "லிவர்பூல் ஆரம்பிக்கப் போகுது" என்று எழுந்து போகிறார். இதை நான் ஒரு முறை அல்ல, பல முறை பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் முதலில் இங்கேதான் வந்தார். அவரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் நிறுத்தியது அட்டவணை.

இங்கிலாந்துச் சிறு கழகங்களுக்குக் கிடைக்கும் அந்தக் காவலை நாம் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் இரவு நேரத்தில் வரும் அயல்நாட்டு நேரலையை யாராலும் நிறுத்த முடியாது. நிறுத்தச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. நான் கேட்பது வேறு. அந்த வெள்ளம் வராத நேரம் ஒன்று நமக்கு இயற்கையாகவே இருக்கிறது.

சனிக்கிழமை மாலை 5 மணி. அப்போது இங்கிலாந்தில் காலை 9 அல்லது 10 மணி. அங்கே இன்னும் பசியாறிக்கொண்டிருப்பார்கள். மாமாக் கடைத் திரைகளில் பழைய ஆட்டங்களின் மறு ஒளிபரப்பு மட்டுமே இருக்கும். வெயில் சாய்ந்திருக்கும். 5 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் 6:50-க்கு முடிந்துவிடும். மாலை அசார் தொழுகையை முடித்துவிட்டு வந்தவர் அந்திநேர மக்ரிப் தொழுகைக்கு வீடு சேரலாம். விளக்கு தேவையில்லை, ஆகவே மின்கட்டணமும் இல்லை. பெர்ரியும் பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். பிள்ளைகளை அழைத்து வரலாம். விரும்பினால் ஆட்டம் முடிந்த கையோடு லிவர்பூலையும் பார்க்கலாம்.

கிழமையையும் யோசித்தே சொல்கிறேன். நம் அண்டை மாநிலமான கெடாவிலும், கிளந்தான், திரெங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கிலும் பேராக்கிலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம் வைத்தால் அலோர் ஸ்டாரிலிருந்து வர வேண்டியவர் வேலையில் இருப்பார். வெள்ளிக்கிழமை வைத்தால் நாங்கள் வேலையில் இருப்போம். நாடு முழுவதற்கும் பொதுவாக விடுமுறையாக இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். வெளியூர்க் குழுவின் ரசிகர்கள் ஒரு வேன் பிடித்து வந்து பறை அடிக்கிற ஆட்டத்துக்கும், அவர்கள் இல்லாத ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திடலில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மாலையில் இடியும் மழையும் வரும். சில ஆட்டங்கள் தடைபடும். நோன்பு மாதத்தில் 5 மணி சரிவராது. அப்போது இரவு ஆட்டம்தான் நியாயம். சனிக்கிழமை மாலை திடலைப் பிடிப்பது கடினம் என்பதையும் முன்பே சொன்னேன். ஆனால் திடலுக்கு முன்பதிவு செய்ய வேண்டிய கழகத்துக்கும் அட்டவணை பருவத் தொடக்கத்திலேயே கையில் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீரும். அட்டவணை தாமதமாக வருவதால்தான் திடல் கிடைப்பதில்லை. திடல் கிடைக்காததால்தான் அட்டவணை மாறுகிறது. இந்தச் சுழலை அறுக்க முடிந்தவர்கள் நீங்கள்தான்.

வேலைநாள் ஆட்டங்களைப் பற்றி இன்னொரு நாட்டின் அனுபவத்தையும் நினைவூட்டுகிறேன். ஜெர்மனியின் புண்டெஸ்லீகாவில் தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை இரவு ஆட்டங்களைப் புகுத்தினார்கள். ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள், ஊதல் ஊதினார்கள், சில ஆட்டங்களுக்கு வராமலே இருந்தார்கள். வெளியூர் ஆட்டம் பார்த்துவிட்டு இரவெல்லாம் பயணம் செய்து மறுநாள் காலை வேலைக்கு எப்படிப் போவது என்ற எளிய கேள்வியைத்தான் அவர்கள் முன்வைத்தார்கள். லீக் நிர்வாகம் செவிகொடுத்தது. 2021-22 பருவத்திலிருந்து திங்கட்கிழமை ஆட்டங்கள் கைவிடப்பட்டன. ரசிகர் கேட்டார், லீக் மாற்றியது, தொலைக்காட்சியும் தொடர்ந்து நடக்கிறது.

நம் பினாங்கிலேயே ஒரு செவ்வாய்க்கிழமை உண்டு. 2016 பிப்ரவரி 16. பினாங்குக்கும் பகாங்குக்கும் நடந்த சூப்பர் லீக் ஆட்டத்தில் முகமட் ஃபைஸ் சுப்ரி அடித்த அந்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போய் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்ததை உலகம் முழுவதும் பார்த்தது. மறு ஆண்டு ஜனவரியில் சூரிக்கில் அவருக்கு, ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கு ஃபிஃபா வழங்கும் புஷ்காஷ் விருது கிடைத்தது. ஆசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர். நான் அன்று இரவு ஷிப்டில் இருந்தேன். மறுநாள் காலை கேன்டீனில், ஒருவருடைய கைப்பேசியைச் சுற்றி எட்டுப் பேர் நின்று அந்த கோலைப் பார்த்தோம். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். கேமரா இருந்ததால்தான் உலகத்துக்கே அது கிடைத்தது. அதற்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனாலும் பந்து திரும்பிய அந்த நொடியில் அரங்கத்தில் எழுந்த மூச்சை எந்தக் கைப்பேசியும் எனக்குத் தரவில்லை. வேலைக்குப் போகாமல் அங்கிருந்திருக்க முடியுமா என்று இன்றும் சில நாள் நினைத்துக்கொள்கிறேன்.

பணம் என்று வரும்போது, ஒளிபரப்பு ஒப்பந்தங்கள்தான் காற்பந்தைக் காக்கும் என்று சொல்லப்படுகிறது. கடந்த சில ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் அந்த நம்பிக்கை எவ்வளவு நிலையற்றது என்பது தெரியும். 2018-இல் டெலிகாம் மலேசியாவுடன் எட்டு ஆண்டுகளுக்கு 48 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று ஓர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது முடிவுக்கு வந்தது. 2022 பருவத்தோடு பிரிமியர் லீக் என்ற இரண்டாம் நிலை நிறுத்தப்பட்டு, 2023-இல் சூப்பர் லீக் மட்டும் விரிவாக்கப்பட்டது. ஏ1 அரைத்தொழில்முறை லீக் அந்த இடத்தை நிரப்ப வந்தது அதற்குப் பிறகுதான். அதே 2022-இன் முடிவில் பெட்டாலிங் ஜெயா சிட்டி கழகமும் விலகிக்கொண்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி, பிரிமியர் லீக்கில் ஆடி, சூப்பர் லீக் வரை ஏறி வந்த கழகம் அது. நம் பிள்ளைகள் பலர் அதன் சட்டையில் ஆடினார்கள். அது மறைந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க யாரும் காற்பந்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒளிபரப்புப் பணம் வரும், போகும். அது வருகிறபோதும் மேல்மட்டத்துக்கே பெரும்பகுதி போய்ச் சேருகிறது. 5 வெள்ளி கொடுத்து வாசலில் நுழைகிறவர்கள் 300 பேர் என்றால் 1,500 வெள்ளி. அது பெரிய தொகை அல்ல. ஆனால் ஆம்புலன்சுக்கோ திடல் வாடகைக்கோ ஒரு பகுதியாகும். அந்த 300 பேரைக் காட்டித்தான் பக்கத்து மளிகைக் கடைக்காரரிடமும் பட்டறை முதலாளியிடமும் ஒரு பதாகைக்குப் பணம் கேட்க முடியும். 37 பேரைக் காட்டி யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

யூடியூப் நேரலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீழ்நிலை ஆட்டங்களை ஒற்றைக் கேமரா வைத்தாவது காட்டுவது நல்ல காரியம். என் அப்பாவுக்கு இப்போது 84 வயது, படியேற முடியாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பியும் அவரும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டத்தைப் பார்த்துத் தொலைபேசியில் வாதிடுகிறார்கள். அதை நிறுத்துங்கள் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். ஆனால் நேரலையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைக் காட்டி, ஆட்டத்துக்கு வரவேற்பு இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அப்பாவைப் போல வர முடியாதவர்கள் பார்ப்பது ஒரு கணக்கு. வர முடிந்தும் நேரம் ஒத்துவராததால் தொழிற்சாலைக் கேன்டீனில் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் வேறு கணக்கு. இரண்டாவது கணக்கில் உள்ள ஒவ்வொருவரும் வாசலில் நீங்கள் இழந்த ஒரு டிக்கெட்.

ஆகவே நான் கேட்பவை அதிகம் இல்லை. இரண்டாம் நிலைக்கும் அதற்குக் கீழே உள்ள லீக்குகளுக்கும் சனிக்கிழமை மாலை 5 மணியை வழக்கமான நேரமாக அறிவியுங்கள். விதிவிலக்கு தேவைப்படும் இடத்தில் காரணத்தையும் சேர்த்து அறிவியுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் உயர்மட்ட லீக்கின் நேரலை எதையும் வைக்காதீர்கள். அந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை இரவில்தான் நடக்கின்றன என்பதால் ஒளிபரப்பாளருக்கு இதில் பெரிய இழப்பு இருக்கப் போவதில்லை. அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தம் எழுதும்போது இதை ஒரு வரியாகச் சேர்த்தாலே போதும். உயர்மட்ட லீக்கின் ஆட்டத்தை ஒளிபரப்புக்காக வேறு நாளுக்கு நகர்த்தும்போது, அதே மாநிலத்தில் அன்று கீழ்நிலை ஆட்டம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பத்து காவானில் பினாங்கு ஆடும் அதே மாலையில் பிறையில் ஓர் ஆட்டத்தை வைத்தால், இரண்டுக்கும் வர விரும்பும் நாங்கள் பாதியாகப் பிரிந்துபோகிறோம்.

அறிவித்த நாளை ஆறு வாரத்துக்குள் மாற்றாதீர்கள். வெள்ளம், திடல் சேதம், ஆட்டக்காரர்களின் பாதுகாப்பு ஆகியவற்றுக்காக மாற்ற நேர்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்படி மாற்றினால், முகநூலில் போட்டுவிட்டு நின்றுவிடாமல், திடலின் வாசலிலும் ஒரு காகிதம் ஒட்டச் சொல்லுங்கள். அந்தக் கச்சாங் பூத்தேக்காரர் கைப்பேசியில் முகநூல் பார்ப்பவர் அல்ல. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் அந்த வாசலைக் கடந்துதான் சந்தைக்குப் போகிறார்.

இவை எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்ய முடியாது என்றால், வட மாநிலங்களில் மட்டும், அரைப் பருவத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாசலில் கிழித்த டிக்கெட்டுகளை எண்ணி, நாளும் நேரமும் சேர்த்து வெளியிடுங்கள். எண்ணிக்கை கூடவில்லை என்றால் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு இன்னொரு மடல் எழுதுகிறேன்.

அடுத்த பருவத்தின் அட்டவணை எப்போது வரும் என்று எங்கள் ஷிப்டில் நான்கு பேர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பணிப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி பிற்பகலில் எழுதப்படுகிறது. அதற்கு முன்னால் எங்களுக்குத் தேதி தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்திலிருந்து
ஒரு காற்பந்து ரசிகன்